ஏறுவோர், இறங்குவோர்

கெம்னிட்ஸ் நகரத்தில் ஐந்தாம் எண் டிராமை
பதினோரு வருடமாக ஓட்டுகிறேன்.
இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்கள், பிறகு ஏறுங்கள்:
ஒரு நாளைக்கு நூறு தடவை இதைச் சொல்கிற வாய்
நேற்றிரவு வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் கிடந்தது.

மகள் யூலேக்கு ஐந்தே கால் வயது.
அவள் அம்மா வீப்கேவுக்கு
இந்த வாரம் பேக்கரியில் இரவு வேலை.
பத்தரைக்குக் காது வலி என்றாள்.
பதினொன்றரைக்கு முப்பத்தெட்டு புள்ளி ஆறு.
ஒரு மணிக்கு முப்பத்தொன்பது புள்ளி மூன்று.
மின்கட்டண உறையின் முதுகில் குறித்தேன்,
டிப்போவில் தாமதம் எழுதுகிற அதே கையெழுத்தில்.

பெரிய வெங்காயம் ஒன்று, பொடியாக நறுக்கி
கைக்குட்டையில் முடிந்து
கெட்டில் ஆவியில் வாட்டி
என் மணிக்கட்டில் சூடு பார்த்து
அவள் காதில் வைத்தேன். மேலே பனிக்காலக் குல்லா.
"என் காது அழுமா அப்பா?"
"வெங்காயம் கண்ணைத்தான் அழ வைக்கும்."
"நீ ஏன் அழுவுற?"
"நறுக்கினது நான்தானே."
அது பாதி உண்மை.

இனி கால்.
வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து
கெண்டைக்காலில் சுற்றுவது
இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான்.
பிழிந்த துணியோடு போர்வையை விலக்கினேன்.
நெற்றி அடுப்பு.
பாதம் பனிக்கட்டி.
இரண்டுக்கும் நடுவே
முயல் படம் போட்ட பைஜாமா நடுங்குகிறது.

துணியைத் திரும்பத் தண்ணீரிலேயே போட்டேன்.
பாதம் சில்லிட்டிருந்தால்
காய்ச்சல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.
படியில் ஒரு கால் வைத்தவரை
பிடித்துக் கீழே தள்ளலாமா?
வீப்கேயின் கம்பளிச் சாக்ஸை மாட்டினேன், தொடைவரை வந்தது.
லிண்டன் பூத் தேநீர், கரண்டி கரண்டியாக.
சிவப்பு விளக்கில் நின்று பழகியவன்தான் நான்.
ஆனால் அங்கே பச்சை வரும் என்று தெரியும்.

இரண்டு மணிக்கு இரவு மருத்துவ எண்.
அவசரமே இல்லாத ஒரு பெண் குரல்.
குடிக்கிறாளா? குடிக்கிறாள்.
ஒன்றுக்குப் போனாளா? அரை மணி முன்னால்.
உங்களை அடையாளம் தெரிகிறதா?
"யூலே, நான் யாரு?"
"அஞ்சாம் நம்பர்."
தோலில் புள்ளிகள்? கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள்.
புள்ளி இல்லை, ஜாம் கறை ஒன்று.
தாடை மார்பைத் தொடுகிறதா?
பைஜாமாவில் எத்தனை முயல், எண்ணு என்றேன்.
குனிந்து எண்ணினாள். பதினொன்று.
ஒரு முயலுக்குக் காதே இல்லை என்றாள்.

"சரி. மூச்சு மாறினாலோ
எழுப்பியும் எழாவிட்டாலோ
வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.
வலி தாங்காவிட்டால் மருந்து கொடுங்கள்,
அதில் தோல்வி ஒன்றும் இல்லை.
காலையில் காதைக் காட்டிவிடுங்கள்."
வெங்காயம் என்று
நான் சொல்லவே இல்லை.

இழுப்பறையில் இருந்த சிரப்பைக் கொடுத்தேன்,
எடையைப் பார்த்து, அளவுக் குழாயில்.
மூன்றே முக்காலுக்குப் பாதம் சூடாயிற்று.
அப்போதுதான் சுற்றினேன்.
பத்து நிமிடம். அவிழ்த்து, நனைத்து, மறுபடி.
மூன்றாம் சுற்றுக்கு அவள் விழித்திருக்கவில்லை.
எது வேலை செய்தது,
மருந்தா, துணியா, பூவா, அவள் உடம்பேதானா
எனக்குத் தெரியாது.
கழுத்தில் வியர்வை முத்து முத்தாக வந்தபோது
கட்டிலருகே ஒதுங்கி நின்றேன்,
இறங்குகிறவருக்கு வழி விட்டு.

ஏழு மணிக்குக் குப்பை கொட்டப் போனால்
கீழ்வீட்டு ஓர்ட்லெப் மாடிப்படியில் மறித்தார்.
"ராத்திரி என்ன சமைத்தீர்கள்? கட்டடமே மணக்கிறதே."
"காது" என்றேன்.
ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார்.
"வெந்துவிட்டதா?"
"எட்டரைக்கு டாக்டர் சொல்வார்."